ஈ.எச்.பி. வந்த இறால் குளம்: மருந்தா, அறுவடையா?

கேள்வி கேட்டவர் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் இரண்டு குளம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துப் பையன். அவர் எழுதியதன் சாரம் இது: "அண்ணா, வனாமி இறால் குஞ்சு விட்டு 78 நாள் ஆகிறது. ஒரு குளம் நன்றாக வருகிறது. இன்னொன்றில் இறால் 9 கிராமிலேயே நிற்கிறது. சாவு இல்லை, தீனி தின்கிறது, எடை மட்டும் ஏறவில்லை. லேபில் ஈ.எச்.பி. பாசிட்டிவ் என்றார்கள். மருந்துக் கடையில் ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். அப்பா, எண்ணூர் சாம்பல் தண்ணீர்தான் காரணம் என்கிறார். மருந்து போடலாமா? அம்மா கேட்கச் சொன்னது: இந்த எறாவை வீட்டில் சமைக்கலாமா?"

அம்மாவின் கேள்வி சுலபமானது, அதை முதலில் முடித்துவிடலாம். தாராளமாகச் சமைக்கலாம். ஈ.எச்.பி. என்பது இறாலுக்குள் வாழும், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. அது மனிதரைத் தொற்றியதாகப் பதிவே இல்லை. இதற்குச் சொந்தக்கார இனம் ஒன்று மனிதரின் குடலில் வாழும். எய்ட்ஸ் நோயாளிகள் மாதிரி எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத் தீராத வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். பெயரில் முதல் பாதி இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதால் தேடிப் படிப்பவர்கள் பயந்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. உங்கள் இறாலில் இது குடியிருக்கும் இடம் தலைக்குள் இருக்கும் ஈரல். தலையைக் கிள்ளி, குடலை உருவி, தொக்கு வைத்த பிறகு பேச்சே இல்லை. அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: கிள்ளிய தலையையும் கழுவிய தண்ணீரையும் வாய்க்கால் பக்கம் கொட்ட வேண்டாம். உங்கள் இன்னொரு குளத்துக்கு அதுதான் ஆபத்து.

அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கதையை எண்ணூர், காட்டுக்குப்பம் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஈ.எச்.பி. சாம்பலில் பிறக்காது. அது ஓர் உயிர். தொற்றிய இன்னோர் உயிரிடமிருந்துதான் வர முடியும். கெட்ட தண்ணீர் இறாலைச் சோர வைக்கும், வந்த நோயை மோசமாக்கும், அவ்வளவுதான். இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் இரண்டு குளத்துக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர்தானே போகிறது? தண்ணீர்தான் காரணம் என்றால் இரண்டும் படுத்திருக்க வேண்டும்.

இதிலிருந்துதான் நான் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வருகிறது. இரண்டு குளத்துக்கும் குஞ்சு ஒரே ஹேச்சரியில் (குஞ்சு பொரிப்பகத்தில்), ஒரே தொட்டியிலிருந்து வந்ததா? ஆமாம் என்றால் சந்தேகம் குளத்து அடிச்சேற்றின் மேல். போன பயிரில் அந்தக் குளத்தில் வளர்ச்சி எப்படி இருந்தது என்று அப்பாவைக் கேளுங்கள். "கடைசியில் கொஞ்சம் சைஸ் சேரவில்லை" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். குஞ்சு வேறு வேறு தொட்டி என்றால் சந்தேகம் குஞ்சின் மேல். இந்த ஒரு விவரம் தெரிந்தால்தான் அடுத்த பயிருக்கு எங்கே பணம் செலவழிப்பது என்று முடிவு செய்ய முடியும். அதோடு, நன்றாக வரும் குளத்தையும் பரிசோதித்துவிடுங்கள். நன்றாக வருவதும் தொற்று இல்லாததும் ஒன்றல்ல. தொற்றின் சுமை குறைவாக இருந்தால் வளர்ச்சி பெரிதாகக் குறையாது.

இப்போது ஈ.எச்.பி. என்ற இந்த ஆள் யார் என்று பார்ப்போம். முழுப் பெயர் எண்டெரோசைட்டோசூன் ஹெப்பாட்டோபீனேய். தாய்லாந்தில் வளர்ச்சி குன்றிய டைகர் இறாலில் 2004-ல் இதைப் பற்றி எழுதினார்கள். 2009-ல் பெயர் வைத்தார்கள். நம் நாட்டில் வனாமி வளர்க்க அனுமதி கிடைத்ததும் அதே 2009-ல்தான். அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்குள் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் இது பரவியிருப்பதை, ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார், நாம் சிபா என்று சொல்கிறோமே அவர்கள், பதிவு செய்தார்கள்.

இது பாக்டீரியா இல்லை, வைரஸும் இல்லை. மைக்ரோஸ்போரிடியா என்ற கூட்டம். முன்பு புரோட்டோசோவாவோடு சேர்த்து வைத்திருந்தார்கள். இப்போது பூஞ்சைக்கு நெருங்கிய உறவு என்று மாற்றிவிட்டார்கள். இதன் வித்து ஒரு மைக்ரான் நீளம்தான், அகலம் அதற்கும் குறைவு. பாக்டீரியா அளவு. அந்தச் சின்ன உடம்புக்குள் ஒரு மெல்லிய குழாய் ஐந்தாறு சுற்றாகச் சுருண்டு கிடக்கிறது. வித்தை இறால் விழுங்கியதும், ஈரலுக்குள் போனதும், அந்தக் குழாய் பீறிட்டு வெளியே வரும். தலையணை உறையைப் புரட்டுவது மாதிரி உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரண்டுகொண்டே நீளும். எதிரே இருக்கும் செல்லைத் துளைத்து, வித்துக்குள் இருக்கும் சரக்கை அப்படியே செல்லுக்குள் செலுத்திவிடும். உள்ளே போனது பெருகி, பல நூறு புது வித்துகளாகி, செல் வெடித்து, குடல் வழியாக மலத்தில் வெளியே வரும். குளத்தில் இருக்கும் அடுத்த இறால் தின்னும். செத்த இறாலையும் தின்னும். நடுவில் வேறு எந்தப் பிராணியும் தேவையில்லை. ஒரு குளத்துக்குள் நுழைந்தால் வேகமாகப் பரவுவது இதனால்தான்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது வேறொன்று. இந்த ஒட்டுண்ணி சர்க்கரையை எரித்துத் தனக்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கும் ஏற்பாட்டையே தொலைத்துவிட்டது. 2017-ல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் அப்படித்தான் கண்டார்கள். இறாலின் செல் தயாரித்து வைத்திருக்கும் சக்தியை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. இறால் தீனி தின்கிறது, ஈரல் செரிக்கிறது, ஆனால் வரவு போகும் இடம் வேறு. ஓட்டை உரித்துப் புது ஓடு போட இறாலுக்கு ஈரலில் கொழுப்புச் சேமிப்பு வேண்டும். அந்தச் செல்களில்தான் இது உட்கார்ந்திருக்கிறது. அதனால் உரிப்பது தள்ளிப்போகும், எடை நின்றுவிடும், ஒரே வலையில் 4 கிராமும் 12 கிராமும் கலந்து வரும். நீங்கள் சொன்ன "தின்கிறது, ஏறவில்லை" என்பதற்கு இதுதான் விளக்கம்.

வெள்ளைப்புள்ளி என்ற வைரஸ் நோய் வந்தால் மூன்று நாள், ஐந்து நாளில் குளம் காலியாகிவிடும். விவசாயி தலையில் கைவைத்துக்கொண்டு அன்றைக்கே முடிவெடுத்துவிடுவார். ஈ.எச்.பி. கொல்லாது. அதுதான் பெரிய தொல்லை. இறால் உயிரோடு இருக்கிறது, செக் ட்ரேயில் (தீனி மிச்சம் பார்க்கும் தட்டில்) தீனி காலியாகிறது, அடுத்த வாரம் ஏறிவிடும் என்று நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் மூட்டை மூட்டையாகத் தீனி இறங்குகிறது. சாவு வருவது பெரும்பாலும் பின்னால். சிதைந்த ஈரலுக்குள் விப்ரியோ பாக்டீரியா புகும்போது. குளத்து ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி கழிவு மிதக்கத் தொடங்கினால் அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக் கழிச்சலுக்கு ஈ.எச்.பி. மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது, ஈ.எச்.பி. இருந்தும் வெள்ளைக் கழிச்சல் வராத குளங்கள் நிறைய. இரண்டும் சேர்ந்திருந்தால் மோசம்.

மைக்ராஸ்கோப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் சிலர் ஈரலை நசுக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துவிட்டு "புழு இருக்கிறது" என்பார்கள். நெளிகிற மாதிரி தெரியும் நீளமான உருவங்கள் பெரும்பாலும் புழுவே இல்லை. ஈரல் செல்களின் ஓரத்து இழைகள் உதிர்ந்து சுருண்டு ஒன்றுசேர்ந்தவை. 2014-ல் தாய்லாந்து ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். கிரெகரைன் என்ற நிஜ ஒட்டுண்ணி ஒன்று குடலில் உண்டு, இதையும் அதையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். செவுளிலும் காலிலும் பஞ்சு ஒட்டின மாதிரி தெரிவது ஜூதாம்னியம் வகை. அது இறாலின் மேல் குந்தியிருக்கும், உள்ளே போகாது, தண்ணீரைச் சரிசெய்து இறால் ஓட்டை உரித்தால் போய்விடும். ஈ.எச்.பி. வித்தைப் பார்க்க எண்ணெய் வைத்துப் பார்க்கும் நூறு மடங்கு லென்ஸும், சாயமும், பழகிய கண்ணும் வேண்டும். அப்படியும் வித்து உருவாகாத ஆரம்பக் கட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஆகவே மரபணுவைத் தேடிப் பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனைதான் தீர்ப்பு. லேபில் பி.சி.ஆர். செய்துதான் பாசிட்டிவ் என்றார்களா, தகட்டில் பார்த்துவிட்டுச் சொன்னார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மருந்து.

நேராகச் சொல்கிறேன், தம்பி: வேண்டாம். அந்தப் பேக்கேஜில் என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடியும். பூண்டு, மூலிகைச் சாறு, ஆர்கானிக் அமிலம், ஈரல் டானிக், புரோபயாடிக். இவற்றில் சில விப்ரியோவைக் கட்டுக்குள் வைக்க உதவலாம்; அதனால் சாவு குறையலாம். செல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒட்டுண்ணியை வெளியேற்றி, சிதைந்த ஈரலைத் திருப்பிக் கொடுத்து, நின்றுபோன எடையை ஏற்றும் மருந்து எதுவும் அதில் இல்லை. ஆய்வு நிறுவனங்கள் சில தயாரிப்புகளைக் கொண்டுவந்திருக்கின்றன. அவை தொற்றின் சுமையைக் குறைக்கும் நோக்கம் கொண்டவை, அதையும் ஆரம்பத்தில் கொடுத்தால்தான் பேச்சு. 78-வது நாளில் 9 கிராம் என்பது ஆரம்பம் இல்லை.

யாராவது ஆண்டிபயாடிக் பெயர் சொன்னால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆண்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு, இது பாக்டீரியாவே இல்லை. அதற்கு மேல், எச்சம் தெரிந்தால் ஏற்றுமதி சரக்கு முழுவதும் திருப்பி அனுப்பப்படும்; குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. தேனீக்களுக்கு வரும் இதே கூட்டத்து நோய்க்கு பியூமஜிலின் என்று ஒரு மருந்து உண்டு. அதைப் படித்துவிட்டு இறாலுக்குக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது நச்சுத்தன்மை உள்ளது, இறாலுக்கு அனுமதிக்கப்பட்டதும் இல்லை.

மருந்துக்குப் பதிலாக ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தில் ஒரு லட்சம் இறால் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 9 கிராம் என்றால் 900 கிலோ. உடல் எடையில் 3 சதவீதம் தீனி போட்டால் நாளைக்கு 27 கிலோ, வாரத்துக்கு 189 கிலோ. தீனி கிலோ 90 ரூபாய் என்றால் வாரம் 17,010 ரூபாய். ஏரேட்டர் கரண்டும் டீசலும் இதில் சேரவில்லை. தொற்றிய குளத்தில் வாரத்துக்கு 0.3 கிராம் ஏறுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், கூடுவது 30 கிலோ. அந்த சைஸுக்குக் கரையில் கிலோ 220 கிடைத்தால் 6,600 ரூபாய். 17,000 போட்டு 6,600 எடுக்கிறீர்கள். கவுண்ட், அதாவது கிலோவுக்கு எத்தனை இறால் என்பது, 111-லிருந்து 107 ஆகியிருக்கும். விலை மாற அது போதாது. இதே குளம் நலமாக இருந்து வாரம் 1.5 கிராம் ஏறினால் 150 கிலோ கூடும், 33,000 ரூபாய். வித்தியாசம் அவ்வளவு. இந்த விலைகள் கணக்குக்காக நான் போட்டவை. உங்கள் வியாபாரி சொல்லும் விலையையும், உங்கள் வீச்சு வலையில் வரும் சராசரி எடையையும் போட்டு நீங்களே செய்து பாருங்கள். ஏழு நாள் இடைவெளியில் இரண்டு சாம்பிள் எடுங்கள், வலையைக் குளத்தில் நான்கு இடத்திலாவது வீசுங்கள். வார வளர்ச்சியின் மதிப்பு வாரத் தீனிச் செலவுக்குக் கீழே போன நாளே அறுவடை நாள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த நாள் ஏற்கெனவே போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

சின்ன சைஸுக்கு விலை இல்லை என்று அப்பா தயங்குவார். காசிமேட்டில் கடல் இறாலோடு போட்டி போட முடியாதுதான். ஆனால் சின்ன வனாமிக்கு உள்ளூரில், ஓட்டல்களில், வண்டிக்கடைகளில் எப்போதும் ஓட்டம் உண்டு. வியாபாரிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்; சாவு தொடங்கிய பிறகு போன் செய்தால் விலையை அவர்தான் சொல்வார்.

அறுவடை அன்றைக்குப் பலரும் செய்யும் தவறு, தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்துவிடுவது. அந்தத் தண்ணீரில் வித்து கோடிக்கணக்கில் இருக்கும். கடல் ஏறும் நேரத்தில் அது உங்கள் நல்ல குளத்துக்கும் எதிர்க்கரைக்காரர் குளத்துக்கும் போய்ச் சேரும். தண்ணீரை நிறுத்திவைத்து பிளீச்சிங் போடுங்கள். ஆய்வகச் சோதனையில் 40 பி.பி.எம். குளோரினில் 15 நிமிடத்தில் வித்து செயலிழந்தது. ஆனால் சேறு கலந்த குளத்தில் குளோரினின் பெரும்பங்கைச் சேறே தின்றுவிடும், ஆகவே அந்த எண்ணை அப்படியே நம்பிப் போடாதீர்கள். அளவைக் கூட்டிப் போட்டு, சில நாள் வைத்து, குளோரின் அடங்கிய பிறகு விடுங்கள். வலை, கூடை, செக் ட்ரே, ஆட்களின் கால் எதுவும் அந்தக் குளத்திலிருந்து நேராக இந்தக் குளத்துக்குப் போகக் கூடாது. தண்ணீர் வடிந்த பிறகு குழிகளில் தங்கும் பொடி இறாலையும் நண்டையும் ஒன்று விடாமல் பொறுக்கிப் புதையுங்கள்.

இனி குளத்து அடி. என் பார்வையில் முழுப் பதிலிலும் இதுதான் முக்கியமான பகுதி. கடைக்காரரின் பேக்கேஜுக்கு ஒதுக்கிய பணத்தை இங்கே கொண்டுவந்து போடுங்கள். ஈ.எச்.பி. வித்துக்குத் தடித்த சுவர் உண்டு. குளத்தைக் காயப்போட்டு வெடிப்பு விட்டால் போதும் என்ற பழைய பழக்கம் இதற்குப் போதாது. முதலில் நடுவில் சேர்ந்திருக்கும் கறுப்புச் சேற்றை வழித்தெடுங்கள். அதைக் கரை மேல் குவிக்காதீர்கள், ஒரு மழை பெய்தால் உள்ளேயே திரும்பி வரும். அப்புறம் சுண்ணாம்பு. பரவலாகப் பரிந்துரைக்கப்படும் முறை, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு, அதாவது ஏக்கருக்குக் கிட்டத்தட்ட இரண்டரை டன். காய்ந்த தரையில் தூவி, 10 முதல் 12 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உழுது கலக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரம் பட்டதும் சுண்ணாம்பு கொதித்து, மண்ணின் பி.எச். 12-க்கு மேல் போகும். அந்த 12-தான் வித்தைச் செயலிழக்க வைக்கிறது. ஒரு வாரம் அப்படியே காய விட வேண்டும்.

இதில் ஏமாறும் இடம் சுண்ணாம்பின் வகை. கடையில் "லைம்" என்று கேட்டால் விவசாயச் சுண்ணாம்புத் தூளை, சில நேரம் டோலமைட்டை ஏற்றி அனுப்புவார்கள். மலிவாக இருக்கும், மூட்டை வெள்ளையாக இருக்கும், ஆனால் எத்தனை டன் போட்டாலும் பி.எச். 12 பக்கம் போகாது. நீற்றுப்போன பழைய சுண்ணாம்பும் முழுப் பலன் தராது. சோதனை சுலபம்: ஒரு கைப்பிடியைத் தகர டப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சீறிக் கொதித்து ஆவி வந்தால் சரக்கு சரி. கரைந்து பால் மாதிரி நின்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு கிடைத்தாலும் சரிதான், புதிதாகச் சுட்டதாக இருக்க வேண்டும். தூவும் ஆட்களுக்குக் கண்ணாடி, முகக்கவசம், முழுக்கால் பூட்ஸ் கொடுங்கள். வியர்வை பட்டால் தோல் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் வேலையை முடித்துவிடுவது நல்லது. உழுது நனைத்த மறுநாள் நாலைந்து இடத்தில் மண் எடுத்து, தண்ணீரில் கலக்கி, பி.எச். பாருங்கள். ஒரு மூலையில் 10 என்று காட்டினால் அந்த மூலைக்கு இன்னொரு தரம்.

குஞ்சுக்கு வருவோம். இங்கே ஒரு பழைய கதை பயன்படும். 1860-களில் பிரான்சில் பட்டுப்புழுக்கள் கும்பல் கும்பலாக அழிந்தன. லூயி பாஸ்டரை அனுப்பினார்கள். அந்த நோய்க்குக் காரணமும் ஒரு மைக்ரோஸ்போரிடியாதான். இந்தக் கூட்டத்தில் முதன்முதலில் பெயர் வைக்கப்பட்டது அதுவே. பாஸ்டர் மருந்து தேடிக்கொண்டிருக்கவில்லை. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வித்து தெரிந்தால் அந்தத் தாயின் முட்டைகளை எரிக்கச் சொன்னார். பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் இன்றுவரை தாய் அந்துப்பூச்சியைச் சோதிக்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் இந்தக் கூட்டத்துக்கு எதிராக நம் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இதே வகைதான்: தொற்று இல்லாத தாய், தொற்று இல்லாத குஞ்சு.

வனாமித் தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகின்றன. நாட்டுக்குள் வரும் தாய் இறால்கள் நம் நீலாங்கரையில் இருக்கும் தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கி, பரிசோதனை முடிந்துதான் ஹேச்சரிக்குப் போகும். அதனால் "எஸ்.பி.எஃப். (குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத) தாய், அதனால் குஞ்சு சுத்தம்" என்று ஹேச்சரிக்காரர் சொல்வார். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்கு உத்தரவாதம் இல்லை. தாய்க்குச் சினை பிடிக்கச் சேற்றுப்புழு கொடுப்பார்கள்; பழவேற்காடு ஏரியின் சேற்றில் தோண்டி எடுக்கும் புழுவும் இப்படி ஹேச்சரிகளுக்குப் போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். பண்ணைக் கழிவு படிந்த சேற்றில் வளரும் புழுவின் வயிற்றில் ஈ.எச்.பி. வித்து இருக்க முடியும். சுத்தமாக வந்த தாய் அதைத் தின்று தொற்றிக்கொண்டு, தன் மலத்தின் வழியாக முட்டைத் தொட்டிக்கும் குஞ்சுக்கும் கொடுக்கிறது. உயிர்ப்புழுவைக் கொடுக்கிறீர்களா, உறைய வைத்தா என்று ஹேச்சரியில் கேளுங்கள். கேள்வியே பிடிக்காமல் முகம் சுளித்தால் வேறு ஹேச்சரி பாருங்கள்.

குஞ்சுப் பரிசோதனைக்கு ஐந்தாறு குஞ்சைப் பிடித்து ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்துவிட்டு "நெகட்டிவ்" சீட்டு வாங்குவது பிரயோஜனமில்லை. தொட்டியில் நூற்றுக்கு இரண்டு குஞ்சு தொற்றியிருந்தாலும் பிடிபட வேண்டும் என்றால், குறைந்தது 150 குஞ்சு வேண்டும். 60 எடுத்தால் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் பிடிபடும். நீங்கள் வாங்கப்போகும் அதே தொட்டியிலிருந்து, நீங்களே நின்று எடுங்கள். இறாலின் கண்ணில் பி.சி.ஆரைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, அதனால் கண்ணை நீக்கிவிட்டுத்தான் ஆய்வகத்தில் அரைப்பார்கள். அப்படிச் செய்கிறார்களா என்று விசாரிப்பதில் தப்பில்லை. குளத்தில் விட்ட பிறகு சோதிக்க இறாலைக் கொல்லக்கூட வேண்டாம். செக் ட்ரேயில் விழும் மலத்தை எடுத்து 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு அனுப்பினால் போதும். விட்ட 20, 25-வது நாளில் ஒரு தரம் இதைச் செய்துவிட்டால், பெரிய தீனிச் செலவு தொடங்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். உங்கள் பக்கத்திலிருந்து சிபா வரை போக முடியாவிட்டால், மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுக்கூடம் இருக்கிறது; பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியே இருக்கிறது, ஆலோசனைக்கு அங்கே போங்கள்.

வாய்க்கால் பற்றியும் கொஞ்சம். தாய்லாந்தில் குளத்துக் குழாய்களில் ஒட்டி வளரும் ஒரு பொய்ச்சிப்பி ஈ.எச்.பி.யைச் சுமந்து இறாலுக்குக் கொடுப்பதைக் காட்டியிருக்கிறார்கள். எண்ணூர் தொடங்கிப் பழவேற்காடு வரை இப்போது காக்கா ஆழி என்ற சிப்பி எப்படிப் படர்ந்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அது வேறு இனம்; அதன் மேல் இந்தப் பழியைப் போட மாட்டேன். ஆனால் தண்ணீரை வடிகட்டித் தின்னும் எந்தச் சிப்பியும் உங்கள் பம்புக் குழாயிலும் மதகிலும் குடியிருக்க விடாதீர்கள். பயிருக்குப் பயிர் சுரண்டி எடுங்கள். தண்ணீரை நேராகக் குளத்துக்கு ஏற்றாமல், தேக்கக் குளத்தில் நிறுத்தி, குளோரின் போட்டு, நெருக்கமான வலைப்பையில் வடிகட்டி எடுக்கும் பழக்கம் உங்களிடம் இல்லையென்றால், இரண்டு குளத்தில் ஒன்றைத் தேக்கமாக மாற்றுவதைப் பற்றிக் குடும்பத்தோடு பேசுங்கள். பாதி இடம் போகிறதே என்று தோன்றும். ஆனால் ஒரு குளம் இப்படி 9 கிராமில் நிற்கும் வருஷத்தில் அந்தப் பாதி எப்படியும் போய்விடுகிறது. எதிர்க்கரைக்காரர் எந்த நாளில் தண்ணீர் விடுகிறார், நீங்கள் எந்த நாளில் ஏற்றுகிறீர்கள் என்பதை இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்வதற்குக் காசு எதுவும் ஆகாது.

கடைசியாக, காலம். இப்போது அறுத்துவிட்டால் வெயில் இருக்கும்போதே சேறு வழித்து, சுண்ணாம்பு போட்டு, குளம் காய்ந்துவிடும். அடுத்த பயிரை ஆடி பிறப்பதற்குள் விட முடிந்தால் ஐப்பசி மழைக்கு முன் எடுத்துவிடலாம். அதற்குள் முடியாது என்றால் இந்த ஆண்டு இரண்டாம் பயிரையே விட்டுவிடுங்கள். ஆரணியாற்று வெள்ளம் ஏரிக்குள் இறங்கி உப்பு சட்டென்று விழும் நேரத்தில், கரை உடைந்து பக்கத்துக் குளத்துத் தண்ணீரெல்லாம் ஒன்றாகக் கலக்கும் நேரத்தில், புதிதாகச் சுத்தம் செய்த குளத்தில் குஞ்சு வைத்திருப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. தை பிறந்ததும் விடுங்கள். குஞ்சு எடுப்பதற்கு முன் பி.சி.ஆர். சீட்டை எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.